கைகண்ட தலையணை

முதலில் இரண்டு கைகளைப் பாருங்கள். ஆளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வலது கை கல்வத்தில் அதிமதுரத்தை இடிக்கிறது. இடது கை ஜாதிக்காயை உரைகல்லில் இழைக்கிறது. இழைத்ததை விரலால் வழித்து முகர்ந்து பார்க்கிறது. போதாது என்று இன்னும் நாலு சுற்றுச் சுற்றுகிறது. நகக்கண்ணில் தையற்காரரின் சாக்குக்கட்டித் தூள். நடுவிரலில் ஊசி குத்திய தழும்புகள். கோட்டுத் தைக்கும்போது கால் அங்குலம் தவறினால் முழுவதையும் பிரித்து மறுபடி தைக்கிற கைகள் இவை. மருந்துக்கு மட்டும் அளவு கிடையாது. எவ்வளவு ஜாதிக்காய் என்று கேட்டால், "கண்திட்டம்தான்" என்று பதில் வரும்.

இந்தக் கைகளுக்கு உரியவர் ஓர் இனத்தைச் சேர்ந்தவர். அந்த இனத்துக்குக் கைகண்டவர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். மலையிலும் இருப்பார், சமவெளியிலும் இருப்பார். ஓதுகிற வீட்டிலும் இருப்பார், ஜெபிக்கிற வீட்டிலும் இருப்பார். ஒரு வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால், டாக்டருக்கு ஆள் போவதற்கு முன்பே, அது காய்ச்சல்தான் என்று அந்த வீட்டாருக்கே உறுதியாவதற்கு முன்பே, இவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். ஊரே ஆரோக்கியமாக இருக்கிற நாட்களில் கொஞ்சம் வாடிப்போவார்.

இவருடைய தாரக மந்திரம் ஒன்று உண்டு. "இது கைகண்ட மருந்து."

கண்டது யாருடைய கை? அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் வத்தலக்குண்டில் ஒருவர் வருவார். மூன்று டாக்டர்கள் கைவிட்ட ஒருவர், வெளியில் படுக்கவைத்து உறவுக்காரர்களுக்குச் சொல்லியனுப்பிய ஒருவர், இந்த மருந்தை மூன்று வேளை குடித்துவிட்டு இப்போது தினமும் பழனி மலை யானைப்பாதையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிற ஒருவர். அவருக்குப் பெயர் இருக்காது. முகவரியும் இருக்காது. போய்ப் பார்க்கலாமா என்றால், போன மாதம்தான் மகள் வீட்டுக்குத் திருப்பூர் போயிருப்பார். அத்தனை டாக்டர்களும் கைவிட்ட மனிதர் எப்போதும் ஊரில் இல்லாத மனிதராகவே இருப்பது ஏன்? ஆரோக்கியம் அப்படி. கால் ஓரிடத்தில் நிற்பதில்லை.

கொடைக்கானலில் ஏழு ரோடு சந்திப்புக்குக் கீழே தையற்கடை வைத்திருந்த உபகாரம் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி. மலையிலுள்ள பள்ளிக்கூடங்களில் பாதிக்கு அவர்தான் பிளேசர் கோட்டுத் தைத்தார். பெயரே உபகாரம் என்றால் மனிதர் வேறு என்ன செய்வார்? மருந்துக்கு ஒரு பைசா வாங்கமாட்டார். அதுதான் ஆபத்து. காசு வாங்கியிருந்தால் வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி இருந்திருக்கும்.

இங்கிலீஷ் மருந்தின் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. தம் கடைவாய்ப்பல் வலித்தபோது மட்டும் மிஷன் டாக்டரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டார். அது மருந்து இல்லையாம், வெறும் பிடுங்குகிற சோலியாம்.

எண்பத்துமூன்றாம் வருஷம், குளிர் தொடங்கும் சமயம், இவருக்கு ஒரு பெரிய நோயாளி கிடைத்தார். பெயர் கஸ்பார். ஒரு பள்ளிக்கூடத்து மரப்பட்டறையில் ஆசாரி. சின்ன வயதுக் காய்ச்சல் ஒன்று இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. நாற்பத்திரண்டாம் வயதில் பத்தடி நடந்தால் மூச்சு நின்றது. மெட்ராஸுக்குக் கொண்டுபோய், நெஞ்செலும்பை நடுவில் அறுத்துத் திறந்து, வால்வை மாற்றி, எலும்பைக் கம்பியால் இறுக்கித் தைத்து அனுப்பியிருந்தார்கள். ரயிலில் வந்து, கொடை ரோட்டில் இறங்கி, பஸ்ஸில் மலையேறி வந்தவரை, பஸ் ஸ்டாண்டில் நாற்காலியோடு காத்திருந்து, நாற்காலியோடு தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்த நாலு பேரில் முன்கால் பிடித்தவர் உபகாரம்தான். அதை மறந்துவிட்டு இவரைப் பற்றிச் சிரிப்பது நியாயமில்லை. நினைவில் வைத்துக்கொண்டு சிரிப்போம்.

மறுநாள் வெள்ளனே பார்க்க வந்தார். கைகண்டவர் முதல் நாள் வெறுங்கையோடுதான் வருவார். அது விசாரணை.

கஸ்பார் கட்டிலில் சாய்ந்து, செங்கல் போல் கட்டையான ஒரு சின்னத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. அறுத்திருக்கானுங்க பாருங்க, நூல் பிடிச்ச மாதிரி நேர்கோடு. டாக்டரா இருக்கவேண்டிய ஆளே இல்ல, ஆசாரியா இருந்திருக்கணும்."

"பேசாத. பேசுனா காத்து உள்ள போகும். எங்க வலிக்குது?"

"சும்மா கெடந்தா தாங்கிக்கலாம்ணே. இருமுனாத்தான் உசுரு போகுது."

"அப்ப இருமாத."

"இருமணும்னு சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க. மணிக்கொருக்கா இந்தத் தலகாணிய நெஞ்சோட சேத்து அமுக்கிக்கிட்டு, மூச்ச இழுத்து இருமச் சொல்லியிருக்காங்க. சளி உள்ள தங்கக் கூடாதாம்."

"எவன் சொன்னது?"

"நெஞ்ச அறுத்தவுங்கதான்."

"அவுங்க சொல்லத்தான் செய்வாங்க. வலி உனக்கா, அவுங்களுக்கா?"

வலி எப்போது வருகிறது? இருமும்போது. ஆகவே கெடுதல் செய்வது எது? இருமல். இருமலை நிறுத்தினால் வலி நிற்கும். குடையை மடக்கி வைத்தால் மழை நின்றுவிடும் என்கிற அதே கணக்கு. இதில் எங்கே ஓட்டை என்று ஒரு நிமிஷத்துக்குள் உங்களால் சொல்ல முடிகிறதா? உபகாரத்துக்கு எதிரே உட்கார்ந்து, அவர் கண்ணில் உண்மையாகவே நீர் கோத்துக்கொண்டிருப்பதையும் பார்த்துக்கொண்டு, சொல்ல முடியுமா? கஸ்பாரின் மனைவி செல்வமேரியாலும் முடியவில்லை. புருஷன் ஒவ்வொரு இருமலுக்கும் வெளிறுவதை மூன்று வாரமாகப் பார்த்து வந்தவள் அவள்.

"வலி நிக்கும்ல அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"தாயி, வத்தலக்குண்டுல ஒருத்தரு…"

அவர் வந்துவிட்டார். பழனி மலையும் ஏறி முடித்தார்.

எழுந்திருக்கும்போது உபகாரத்தின் கண் தலையணைமேல் விழுந்தது. வைத்தியர் போய்விட்டார், தையற்காரர் வந்துவிட்டார். எடுத்து அமுக்கினார். ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தார். உச்சுக்கொட்டினார்.

"இது தலகாணியா, படிக்கல்லா? நோயாளிக்குக் குடுக்கிற சாமானா இது? குடு, நல்ல இலவம்பஞ்சாப் போட்டுக் கொண்டாறேன்."

மாலைக்குள் கொண்டுவந்தும் விட்டார். புது உறை, ஓரத்தில் பூத்தையல், உள்ளே சிட்டுக்குருவி உட்கார்ந்தாலும் அமுங்குகிற இலவம்பஞ்சு. கூடவே ஒரு புட்டியில் கஷாயம்: அதிமதுரம், ஜாதிக்காய், பெரும்பாறைத் தேன், கண்திட்டத்துக்கு வேறு என்னென்னவோ. கஸ்பார் குடித்தார். தூங்கினார். அன்றும் இருமவில்லை, மறுநாளும் இருமவில்லை. தூங்குகிறவன் எப்படி இருமுவான்?

"பாத்தியா? ரெண்டே வேளை!" என்று உபகாரம் பஜார் முழுக்கச் சொன்னார்.

கைகண்டவர்களுக்கு இந்த உலகத்தில் நோயைத் தவிர இன்னொரு விரோதி உண்டு. இன்னொரு கைகண்டவர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு ஆயக்குடியிலிருந்து கொய்யாக் கூடைகளோடு மலையேறுகிற வேலப்பன் அப்படிப்பட்டவர். அவர் உள்ளுக்கு எதுவும் கொடுக்கமாட்டார். வயிற்றுக்குள் போவது எல்லாமே விஷம் என்பது அவர் கட்சி. கொய்யாவுக்கு மட்டும் விலக்கு. எந்த வலியையும் அணைக்கிற பித்தான் பாதத்தில் இருக்கிறது என்பார். பெருவிரலுக்குக் கீழே அமுக்கினால் தலைவலி போகும், குதிகாலை அமுக்கினால் இடுப்புவலி போகும். சந்தை முடிந்ததும் நேரே கஸ்பார் வீட்டுக்கு வந்து, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வையை விலக்கி, நல்லெண்ணெய் தொட்டு இரண்டு பாதங்களையும் பிடித்துவிடத் தொடங்கினார்.

உண்மையைச் சொல்லவேண்டும். சுகமாகத்தான் இருந்தது. வேலப்பனின் கை பெரியது, சூடானது, அவசரமில்லாதது. பித்தான் இருந்ததோ இல்லையோ, கஸ்பாரின் தோள் மூன்று வாரத்தில் முதல்தடவையாகக் காதைவிட்டுக் கீழே இறங்கியது. குறட்டை வந்தது.

அந்த நேரத்தில் புட்டியோடு உள்ளே நுழைந்தார் உபகாரம்.

"என்ன தூக்கம் பாருங்க. எல்லாம் ஜாதிக்கா செய்யுற வேல."

"ஜாதிக்காயாவது பூதிக்காயாவது. என் கட்டவிரலு எங்க இருக்கு பாரும்."

"உம்ம கட்டவெரலு கொய்யாப்பழத்த அமுக்கிப் பாக்கத்தான் லாயக்கு."

"யோவ், நான் அமுக்கிப் பாத்த பழம் ஒண்ணும் அழுகுனதில்ல. நீரு மருந்து குடுத்த ஆளு ஒருத்தரையாவது காட்டும்!"

"வத்தலக்குண்டுக்கு வாரும், காட்டுறேன்!"

எந்த மருந்தால் நோயாளி தூங்குகிறான் என்கிற சர்ச்சை உச்சத்துக்குப் போனபோது, நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு பேரும் வெளிய போயி சண்ட போடுங்கய்யா. தூங்கணும்."

புதன்கிழமை மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் குஞ்சம்மாள் வந்தாள். ஐம்பது வயது, ஆண்பிள்ளைச் செருப்பு, வீடு வீடாக ஏறி இறங்கி மலைச்சரிவே பழகிப்போன நடை. காது வைத்துக் கேட்கிற குழாயைக் கஸ்பாரின் முதுகில் நாலு இடத்தில் வைத்தாள். ஐந்தாவது இடத்தில் நிறுத்தி, இரண்டு தடவை கேட்டாள்.

"இருமுங்க."

கஸ்பார் வாயைத் திறந்தார். பயந்து மூடிக்கொண்டார்.

"எத்தன நாளா இருமல?"

"இருமலே நின்னுருச்சு சிஸ்டர்," என்றார் மூலையிலிருந்த உபகாரம், பரிசு வாங்க மேடைக்குப் போகிறவர் போல ஓரடி முன்னால் வந்து. "ரெண்டே வேளை. கைகண்டது."

குஞ்சம்மாள் புட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். ஜன்னலைத் திறந்து வெளியே கவிழ்த்தாள். அந்த இடத்துப் புல் தூங்கியிருக்கவேண்டும்.

"இந்த மனுசன் ரத்தத்த இளக்குற மாத்திர சாப்புடுறாரு. அதோட எது சேரும், எது சேராதுன்னு டாக்டரே யோசிச்சு எழுதுறாரு. நீங்க கண்டதையும் ஊத்துறீங்க. கீழ்நெஞ்சுல சளி கட்டிக்கிட்டுக் கெடக்கு. வெள்ளிக்கெழம டாக்டர் வந்து பாப்பாரு. அதுக்குள்ள சளி வெளிய வரலன்னா மதுரைக்கு இறக்கிருவாங்க. வெட்டுன நெஞ்சோட இந்த மலப்பாதையில எத்தன வளைவுன்னு உங்களுக்கே தெரியும்."

உபகாரம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வத்தலக்குண்டுக்காரர் அன்றைக்கு வரவில்லை.

"அப்ப கால் பிடிச்சு விடுறதும் தப்பா சிஸ்டர்?" என்று மெல்லக் கேட்டாள் செல்வமேரி.

"அது எதுக்குத் தப்பு? காலப் பிடிச்சு விடுங்க. பாட்டுப் போடுங்க. ஜெபமால சொல்லுங்க. மனசு அடங்குனா வலியும் கொஞ்சம் அடங்கும், அத நானே பாத்திருக்கேன். வலி மாத்திர குடுத்து அர மணி கழிச்சு இருமச் சொல்லுங்க. நெஞ்சத் தொடாதீங்க, உள்ளுக்கு வேற ஒண்ணும் குடுக்காதீங்க. அம்புட்டுத்தான். அமுக்கிக்கிறதுக்குக் குடுத்த தலகாணி எங்க?"

செல்வமேரி பூத்தையல் போட்டதை எடுத்து நீட்டினாள்.

கஸ்பார் அதை நெஞ்சோடு சேர்த்து அமுக்கினார். இரண்டு கையும் பஞ்சுக்குள் முழங்கை வரை போய் ஒன்றையொன்று தொட்டன. நெஞ்சு அப்படியே அந்தரத்தில் நின்றது. இருமப் பார்த்தார். பாதியில் முகம் சுண்ணாம்பாகி, கண்ணில் நீர் தள்ளி, சாய்ந்துவிட்டார். மூச்சு நிதானத்துக்கு வர ஐந்து நிமிஷம் ஆனது. வந்ததும் அவர் பார்த்தது உபகாரத்தை.

"அண்ணே, ரெண்டு பலகைய ஒட்டுறேன்னு வைங்க. பசையப் போட்டு கிளாம்ப்பு இறுக்குவேன். கிளாம்ப்புக்கு அடியில மெத்தையப் போட்டு இறுக்குனா பிடிக்குமா? என் நெஞ்சு ஒட்டுப்பலகண்ணே. அவுங்க கிளாம்ப்பு குடுத்தாங்க. நீங்க மெத்தையாக்கிட்டீங்க."

கஷாயத்தைக் கொட்டியது உபகாரத்தைச் சுடவில்லை. கைகண்டவரின் மருந்து தோற்பதே கிடையாது; பத்தியம் சரியில்லை, வேளை சரியில்லை, நர்ஸின் கண்ணேறு என்று ஆயிரம் வழி இருக்கிறது. ஆனால் தைத்தது சரியில்லை என்று அவரிடம் இந்த முப்பது வருஷத்தில் யாரும் சொன்னதில்லை. அதற்கு எந்த வத்தலக்குண்டும் சாட்சி சொல்ல வராது. இரண்டு காதும் சிவந்துபோய், கழுத்திலிருந்த டேப்பை உருவினார்.

"சட்டைக்கு மேல வச்சு அளந்துக்கிறேன் சிஸ்டர். தொடமாட்டேன்."

"பழைய பஞ்சு எங்கேண்ணே?" என்றாள் செல்வமேரி.

உபகாரம் தரையைப் பார்த்தார். "நல்லா இல்லன்னு குப்பையில போட்டுட்டேன் தாயி."

வியாழக்கிழமை அவர் கடையில் வேறு வேலை நடக்கவில்லை. ஒரு ஹெட்மாஸ்டரின் கோட்டு ஒரு கை இல்லாமல் ஆணியில் தொங்கியது. பிளேசர் வெட்டி மிஞ்சிய கம்பளித் துண்டுகளைக் கூடையோடு கவிழ்த்து, ஒவ்வொன்றையும் கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துத் தட்டையாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் அங்கங்கே தையல் ஓட்டி இறுக்கினார். மேலே காக்கி டிரில் துணி. முதல் தலையணையைத் தம் நெஞ்சில் வைத்து இருமிப் பார்த்தார். மூலை விலாவில் குத்தியது. பிரித்தார். இரண்டாவதைத் தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே கட்டிப்பிடித்து ஏழெட்டுத் தடவை இருமினார். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன உபகாரம், தொண்ட கட்டிக்கிச்சா? மிளகும் பனங்கல்கண்டும் வாயில அடக்கிக்கங்க, கைகண்டது" என்றார். உபகாரத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சோலியப் பாத்துட்டுப் போய்யா! ஊர்ல ஒருத்தன் இருமக் கூடாது, ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல வந்துருவீங்க!"

இந்த வாக்கியத்தைச் சொன்னபோது அவர் முகத்தில் கூச்சத்தின் சாயல்கூட இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நடுவில் துவண்டது. அதையும் பிரித்தார். மூன்றாவதை மாலை நாலு மணிக்கு எடுத்துப்போனார். கஸ்பார் விரல் கணுவால் தட்டிப் பார்த்தார், தேக்கா மாமரமா என்று பலகையைத் தட்டிப் பார்ப்பது போல.

"இது சாமான்ணே."

அரை மணி நேரத்துக்கு முன்பே வலி மாத்திரை கொடுத்தாயிற்று. வியாழனன்று கூடையில்லாமலே மலையேறி வந்துவிட்ட வேலப்பன் கால்மாட்டில் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கஸ்பார் தலையணையை அணைத்து அமுக்கினார். மூச்சை இழுத்தார். முதல் இருமல் பூனைத்தும்மல் போல வந்தது. இரண்டாவது பாதியில் நின்றது. மூன்றாவது, ஈரக்கட்டையில் ரம்பம் இறங்குகிற சத்தத்தோடு வந்தது. செல்வமேரி நீட்டிய எனாமல் பேசினில் விழுந்தது. இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று. கஸ்பாரின் கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. கை மட்டும் பிடியை விடவில்லை.

"வலிக்குதாய்யா?" என்றாள் செல்வமேரி.

"வலிக்குது. ஆனா பிரிஞ்சு போற மாதிரி வலிக்கல. புடிச்சு நிக்குது."

இத்தனை பேர் சேர்ந்து ஒரு பேசினுக்குள் எட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அந்த மலையில் அதற்கு முன் நடந்திருக்காது. உபகாரம் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை டாக்டர் வந்து முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, மதுரைக்குப் போகவேண்டாம் என்றார்.

இதோடு உபகாரம் திருந்திவிட்டார் என்று எழுதி முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, "தலகாணி கைகண்டது" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். விலாவில் அடிபட்ட லாரி கிளீனருக்கு ஒன்று தைத்தார், பலித்தது. அதுவே பெரிய கெடுதலாகப் போயிற்று. இடுப்புவலிக்கு ஒன்று, வாயுத்தொல்லைக்கு ஒன்று, பரீட்சைப் பயத்துக்கு நீளவாக்கில் ஒன்று, வட்டக்கானலில் வந்து தங்கி எதற்கென்று தெரியாமல் அழுதுகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரனுக்கு ஒன்று. நீலப் பிளேசர் கம்பளிக்குத்தான் வலியை இழுக்கிற சக்தி உண்டாம், மெரூனுக்குக் கிடையாதாம். உள்ளே ஒரு துண்டு வசம்பும் வைத்துத் தைக்கிறார், குஞ்சம்மாளுக்குத் தெரியாது. மெட்ராஸில் யாரோ கைவிட்டு, இந்தத் தலையணையால் பிழைத்து, இப்போது தினமும் மலையேறுகிற ஒருவர் அவர் பேச்சில் வந்துவிட்டார். கீழ்த்தெருவில் கஸ்பார் உயிரோடு இருக்கும்போதே, வத்தலக்குண்டில்தான் அந்த ஆளும் இருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. படித்தவர், ஆதாரம் கேட்பவர். இவ்வளவு நேரம் இதைப் படித்ததில் உங்களுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, நெஞ்சில் தையல் போட்டவர்கள் இருமும்போது கட்டையான தலையணையை அணைத்துக்கொண்டால் நல்லது என்பது. அது மிஷன் நர்ஸே ஒத்துக்கொண்ட விஷயம். அதை நாலு பேருக்குச் சொன்னால் என்ன தப்பு?

இதோ, கடைக்குள் வந்துவிட்டீர்கள். உபகாரம் கடைசித் தையலைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார். ஓரத்தைத் திருப்பிப் பார்க்கிறார், தூசியைத் தட்டுகிறார், பழைய பேப்பரில் சுற்றிச் சணல் கட்டுகிறார். "உங்களுக்குன்னு இல்லீங்க. தெரிஞ்சவுங்க யாருக்காச்சும் ஆகும்ல?" என்று நீட்டுகிறார். உங்கள் வீட்டில் யாருக்கும் நெஞ்சில் கோளாறு இல்லை. ஆனால் போன வாரம் மாடிப்படியில் மூச்சு வாங்கினாரே, உங்கள் ஆபீஸில் ஒருவர்? அவருடைய முகம் உங்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது. கொடைக்கானலில் கஸ்பார் என்று ஒருத்தர் என்று தொடங்கலாமா, வேண்டாம், பெயரெல்லாம் எதற்கு, ஒருத்தர் என்றே தொடங்கலாம் என்று யோசித்தபடியே, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்கிறீர்கள்.